திருத்தத்துக்கான காரணம்

மாதம் நூறு பதிவு தாண்டினால்
அதற்கு மேல் தலைக்கு இருபது ரூபாய்.
ராமநாதபுரத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள்.
பஜ்ஜி ஆறிப்போயிருந்தது.
பக்கத்து நாற்காலியில் உச்சிப்புளி பல் டாக்டர்
கால்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பினார்:
ஒரு இன்வெர்ட்டர் பேட்டரி.
எனக்கும் அதுதான் தேவையாக இருந்தது.

தங்கச்சிமடத்தில், ஐஸ் கம்பெனி மாடியில் என் கிளினிக்.
கீழே கட்டி உடைக்கும்போது
ஸ்டெதஸ்கோப்பில் ஒரு நெஞ்சு இரண்டாகக் கேட்கும்.
ஆளுக்கு நான்கு நிமிடம்.
மூன்றைக் கம்ப்யூட்டர் தின்றது.
மீதியில் நாக்கை நீட்டச் சொன்னேன்.

சுலைகாவிடம் நானேதான் சொன்னேன்,
காலியாக விட்டால் பச்சை விழாது,
தெரியாததுக்கெல்லாம் 'இயல்பு' போடு,
ஒவ்வாமைக்கு 'இல்லை' போடு,
பிறகு திருத்திக்கொள்ளலாம்.
பிறகு என்பது நல்ல துறைமுகம்.
எந்தப் படகையும் அங்கே கட்டிப்போடலாம்.

ஐப்பசியில் இருநூற்றுப் பதினாறு.
பேட்டரி வந்தது. கரண்ட் போனாலும் ஃபேன் நிற்கவில்லை.
பொய் சொல்வானேன், சுகமாக இருந்தது.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை கில்டா வந்தாள்.
டோக்கன் எடுக்கவில்லை, செருப்பும் கழற்றவில்லை.
"நெடுந்தீவுகிட்ட புடிச்சுட்டாக டாக்டர், ஒம்பது பேரு.
அவுக ஊசி மருந்து போட்டுலயே கெடக்காம்.
என்ன நோவு, எம்புட்டு மருந்துன்னு
எழுத்துல வேணுமாம், சங்கத்துல கேக்குறாக.
நீங்க கம்ப்யூட்டர்ல ஏத்துனீகள்ல?"

ஏற்றினேன்.
ரெமிஜியூஸ், நாற்பத்தாறு.
சர்க்கரை: இயல்பு.
ஒவ்வாமை: இல்லை.
பாதம்: இயல்பு.

அந்தப் பாதத்தில் திருக்கை முள் ஏறிய புண்ணைப்
பதினோரு வாரம் கழுவிக் கட்டியவள் நான்.
பென்சிலின் ஆகாமல் உதடு வீங்கி
இதே பெஞ்சில்தான் மூச்சுக்குத் திணறினார்.
காலை இருபத்திரண்டு யூனிட், ராத்திரி பதினாறு.
என் கைக்கு எல்லாம் தெரியும்.
திரையில் இருந்தவருக்கோ ஒரு நோயும் இல்லை.
கடல் பக்கமே போகாதவர் போல இருந்தார்.

திருத்தினேன், கட்டம் கட்டமாக.
கடைசியில் ஒரு கேள்வி எழும்பியது:
திருத்தத்துக்கான காரணம்?
தட்டச்சுப் பிழை.
புதிய தகவல்.
நோயாளி கேட்டுக்கொண்டது.
நான்காவதைத் தேடி
அம்புக்குறியைக் கீழே கீழே இழுத்துப் பார்த்தேன்.
பிறகு தட்டச்சுப் பிழையை அழுத்தினேன்.
சுலைகா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'41 என்று முடியும் எண்ணுக்கு
ஆறு இலக்க ரகசிய எண் அனுப்பப்பட்டது.'

"அது அவுக போனுல்ல" என்றாள் கில்டா.

லெட்டர்பேடை இழுத்து எழுதினேன்,
இங்கிலீஷில், பெரிய எழுத்தில்,
அங்கே எந்தக் காவல்காரன் பிரித்தாலும் படிக்கிற மாதிரி.
பென்சிலின் என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு.
சீல் மை காய்ந்து கிடந்தது,
ஸ்பிரிட் நாலு சொட்டு விட்டுக் குத்தினேன்.
இந்தத் தாளுக்கு எந்தத் திட்டத்திலும் காசு இல்லை.
அதை யோசித்தேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

தாளை மடித்து வாங்கியவள் போகவில்லை.
திரையில் பத்து நிமிடம்
ஒவ்வொரு நொடியாகக் குறைந்துகொண்டிருந்தது.
"இப்ப அனுப்புனதுக்கு அங்க போன் சத்தம் போட்டிருக்குமா?"

நேவிக்காரன் சாக்கில் கிடக்கலாம்.
சார்ஜ் இறங்கியிருக்கலாம்.
பயந்து அவரே தண்ணீரில் வீசியிருக்கலாம்.
நான் வாய் திறக்கவில்லை.

"இன்னொரு தரம் அனுப்புங்க டாக்டர்.
நாந்தேன்னு தெரியாட்டியும் போகுது.
ஊர்லருந்து என்னமோ வந்துருக்குன்னு..."

'மீண்டும் அனுப்பு.'
அழுத்தினேன்.
வெளியே பன்னிரண்டு டோக்கன் இருமிக்கொண்டிருந்தது.
'மீண்டும் அனுப்பு.'